தொடர்பு ஏற்பட்டது

வாயில் எதையோ மென்றுகொண்டே போனை எடுத்து யாராவது "ஹலோ" என்றால் எனக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வரும். வீட்டில் அந்தப் பழக்கம் யாருக்கும் கிடையாது. ஆபீசில் ஒருவருக்கு உண்டு. அவர்தான் எங்கள் பாஸ்.

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே படகு மோட்டார் பட்டறை. காலையிலிருந்து எண்ணெய் வாடையும் சத்தமும்தான். கப்பலுக்கும் படகுக்கும் ரேடியோ சாமான்கள் மாட்டுவது, வருடம் ஒரு முறை சோதித்து ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் வேலை. டெக்னீஷியன்கள் பெரும்பாலும் எதிர்க்கரையில் பட்டர்வொர்த் பக்கம் கப்பல்களில்தான் கிடப்பார்கள். ஆபீசில் பாஸும் நானும் மட்டும் இருப்போம்.

எங்கள் கையில் அதிகம் புழங்குவது பீக்கன். மஞ்சள் நிறத்தில், தண்ணீர் பிளாஸ்க் அளவில் ஒரு கருவி. படகு மூழ்கினால் இது பிய்த்துக்கொண்டு மேலே வந்து மிதக்கும். தானாகவே செயற்கைக்கோளுக்குச் சேதி அனுப்பும். செயற்கைக்கோள் அதைக் கேட்டுக் கரையில் இருக்கும் மீட்பு மையத்துக்குச் சொல்லும். விமானத்தில் இருப்பதும் இதே சாதிக் கருவிதான். இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்க உலக நாடுகள் கூடிச் சபைகள் வைத்திருக்கின்றன. மேலே இருப்பதை எல்லாம் நன்றாகத்தான் பார்க்கிறார்கள். அதில் நான் குறை சொல்லமாட்டேன். கீழே எங்களைப் போன்ற ஆபீசில் போனை யார் எடுக்கிறார்கள் என்பதைத்தான் எவனும் வந்து பார்த்ததில்லை.

ஏனென்றால் பழைய பீக்கன்கள் முதலில் சொல்வது "நான் இன்ன படகு" என்பதை மட்டும்தான். எங்கே கிடக்கிறோம் என்பது பிறகுதான் தெரியவரும். அதற்குள் மீட்பு மையம் அந்தப் படகின் பெயரில் பதிந்திருக்கும் போன் நம்பரைக் கூப்பிட்டுக் கேட்கும். சின்னப் படகுக்காரர்கள் மாசத்துக்கு ஒரு சிம் கார்டு மாற்றுகிறவர்கள். அதனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. முதலாளி நம்பருக்குப் பதிலாக எங்கள் ஆபீஸ் நம்பரையே போட்டுவிடுவோம். "எல்லாப் படகும் நம்ம போன்லதான் லா தொங்குது" என்று பாஸ் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடாமல் அவருக்கு வராது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பீக்கனைச் சோதிக்கும்போது அதை ஓர் உலோகப் பெட்டிக்குள் வைத்து மூடவேண்டும். சோதனைச் சேதி வெளியே போய்விடக் கூடாது. எங்கள் பெட்டியின் மூடி கீல் உடைந்து பல மாதமாயிற்று. மோட்டார் சைக்கிளில் சாமான் கட்டும் ரப்பர் கயிற்றால் இழுத்துக் கட்டி வைத்திருந்தோம். மூடி எப்போது லேசாகத் தூக்கினாலும் சேதி மேலே போய்விடும். உடனே மீட்பு மையத்திலிருந்து போன் வரும். பாஸ் எடுத்து, "டெஸ்டிங் லா, சோரி, சோரி" என்பார். அவர்களும் சரி என்று வைத்துவிடுவார்கள். பெட்டியை மாற்றுங்கள் என்று நான் கத்திக் கத்தித் தொண்டை வற்றிப்போனது. "ஓகே லா, ஓடுதுதானே" என்பார். எருமை மாட்டின் மேல் மழை பெய்தாற்போல அப்படியே உட்கார்ந்திருப்பார்.

என் தம்பி ஒரு மரப்படகில் இன்ஜின் பார்க்கிறான். பினாங்குக்கும் சுமத்ராவுக்கும் வெங்காயமும் பிளாஸ்டிக் சாமான்களும் ஏற்றிப் போய்வரும் படகு. அதன் பீக்கனை நானே சோதித்து, நானே கொண்டுபோய் மாட்டினேன். மாட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பி கேட்டான்.

"இதுல உன் ஆபீஸ் நம்பர்தானே அக்கா இருக்கு?"

"ஆமாடா."

"அப்ப நமக்கு என்னா பயம். அக்கா எடுத்துருவா."

பக்கத்தில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்த சமையல்காரரும் சிரித்தார். சுமத்ராவில் மேடான் பக்கத்து மனிதர், வயதானவர். படகில் எல்லாருமே அவரை மாமா என்ற அர்த்தத்தில் மலாயில் பாக்சிக் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு ஒரு குவளையில் கறுப்புக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் பாஸுக்குக் குழம்புச் சோறு, நாசி கண்டார் வேண்டுமாம். வெயில் மண்டையைப் பிளக்கிறது, மழை அடித்து ஓய்ந்த புழுக்கம் வேறு. "தாப்பாவ் பண்ணிட்டு வந்துரு லா, குழம்பு நிறைய ஊத்தச் சொல்லு" என்றார். பொட்டலம் கட்டி வாங்கிவரத்தான் தாப்பாவ் என்போம். நான் போனேன். கடையில் நீண்ட வரிசை. திரும்பி வந்தபோது பாஸ் முறுக்கைக் கொறித்துக்கொண்டிருந்தார். மேசையெல்லாம் தூள். பொட்டலத்தைப் பிரித்தார், சாப்பிட உட்கார்ந்தோம்.

அவர் சாப்பிடுவதைப் பார்ப்பதே ஒரு தண்டனை. குழம்பு முழங்கை வரை வழியும். மீன் தலையை உறிஞ்சுவார், சத்தம் கீழே பட்டறை வரை கேட்கும். அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. அவர் இரண்டு கையிலும் குழம்பு. முழங்கையால் போனை என் பக்கம் தள்ளினார். நான் எடுத்தேன்.

மீட்பு மையத்து அதிகாரி. மலாயில், மரியாதையாகத்தான் கேட்டார். "அக்கா, நீங்கள் சோதனை செய்கிற பீக்கனைத் தயவுசெய்து நிறுத்துங்கள். இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. கடலில் இருப்பதாகக் காட்டுகிறதே, படகில் வைத்தா சோதிக்கிறீர்கள்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்றைக்கு எங்களிடம் சோதனையே கிடையாதே என்றேன்.

"முன்பு கூப்பிட்டபோது ஒருவர் டெஸ்டிங் என்று சொன்னாரே."

நான் பாஸைப் பார்த்தேன். அவர் விரலை நக்கிக்கொண்டே தலையாட்டினார். "ஆமா லா, நீ சாப்பாடு வாங்கப் போனப்ப ஒரு கால் வந்துச்சு. எப்பவும் நம்மதுதானே."

எந்த பீக்கன் என்று அதிகாரியைக் கேட்டேன். படகின் பெயரைச் சொன்னார். என் தம்பியின் படகு.

அதற்குப் பிறகு நான் என்ன கத்தினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. "டெஸ்டிங் இல்ல, உண்மை, உண்மை, ஆள் இருக்காங்க" என்று தெரிந்த மூன்று பாஷையிலும் கத்தியிருக்கிறேன். கீழே பட்டறையில் வேலை செய்கிற ஒருவர் சுத்தியலோடு மேலே ஓடி வந்தார். அதிகாரி என்னைக் குறை சொல்லவில்லை. கப்பல்களுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் உடனே அறிவிக்கிறேன் என்று வைத்தார். போனை வைத்த கையோடு பாஸின் பொட்டலத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். மஞ்சள் கறை இன்னும் அந்தச் சுவரில் இருக்கிறது. அதன் மேல் காலண்டர் மாட்டி மறைத்துவிட்டார், மகா புத்திசாலி.

பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவர் கையில் குழம்பு இருந்ததால்தான் நான் போனை எடுத்தேன். கை சுத்தமாக இருந்திருந்தால் இரண்டாவது தடவையும் "டெஸ்டிங் லா, சோரி" என்றுதான் சொல்லியிருப்பார். என் தம்பியின் உயிர் அந்த மனிதரின் எச்சில் கையில் போய் நின்றிருக்கிறது. சீ, நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.

சாயங்காலம் ஒரு மீன்பிடிப் படகு அவர்களைக் கண்டுபிடித்துத் தூக்கியது. தம்பியும் இன்னும் இரண்டு பேரும் பிழைத்தார்கள். பாக்சிக் இல்லை. மீன்பிடிப் படகு வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மிதவையிலிருந்து அவர் கை நழுவியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் தம்பியைப் பார்த்தபோது உதடெல்லாம் வெடித்து, கண் சிவந்து கிடந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியும்க்கா, நீ எடுத்துருப்பேன்னு" என்றான். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, தெரிந்தாலும் அந்த இடத்தில் வாய் வந்திருக்காது. முதல் போனை எடுத்தது யார், என்ன சொன்னார், நான் எங்கே போயிருந்தேன், எல்லாவற்றையும் அப்போதே சொல்லிவிட்டேன்.

அவன் கத்தவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்படியே கிடந்தபடி பேசினான்.

"பாக்சிக்குக் கண்ணு சரியாத் தெரியாதுக்கா. பீக்கன் லைட்டு மின்னுதான்னு என்னையத்தான் கேட்டுட்டு இருந்தாரு. 'அவங்களுக்குக் கேட்டுச்சா, கேட்டுச்சா'ன்னு. நான் சொன்னேன், 'கேட்டுருச்சு பாக்சிக், எங்க அக்கா போன் எடுத்துட்டா, வந்துகிட்டே இருக்காங்க'ன்னு."

"நீ அவருக்குத் தைரியம்தானேடா சொன்ன."

"யாராச்சும் உன் பாஸை நிக்க வச்சுக் கேக்கணும்க்கா. எல்லார் முன்னாடியும். அது போதும் எனக்கு."

யார் கேட்டார்கள்? விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டு போனார். பாஸிடம் ஒரு வார்த்தை கேட்டதோடு சரி. "மனுஷன்னா தப்பு நடக்கும் லா" என்றார் இவர். வேலையை விட்டுவிடு என்று அம்மா என்னிடம் அழுதார். விட்டுவிடலாம், ஆனால் அந்த நம்பரில் தொங்குகிற மற்றப் படகுகளை எல்லாம் இந்த ஆளின் வாயில் விட்டுவிட்டு எங்கே போவது? ஆபீஸ் போன் எப்போது அடித்தாலும் என் கைபேசியிலும் அடிக்கும்படி செய்துகொண்டேன். புதுப் பெட்டி வாங்க வைத்தேன். தாப்பாவ் வாங்கப் போவதை அன்றோடு நிறுத்தினேன்.

மறு வருடம் ஜார்ஜ்டவுனில் கடலைப் பார்த்த ஒரு பெரிய ஹோட்டலில் கூட்டம் நடந்தது. கப்பல், விமானப் பாதுகாப்புக்கான செயற்கைக்கோள் தொடர்புகளை மேற்பார்வை பார்க்கிறவர்கள் பல நாடுகளிலிருந்தும் வந்திருந்தார்கள். கூட்டத்துக்கு உள்ளூரிலிருந்து கைகொடுத்த கம்பெனிகளில் எங்களுடையதும் ஒன்று. உயிர் பிழைத்த ஒருவர் வந்து பேசினால் நன்றாக இருக்கும் என்று அவர்கள் கேட்க, பாஸ் கூசாமல் என் தம்பியின் பெயரைக் கொடுத்துவிட்டார். வெட்கம் மானம் எல்லாம் அந்த ஆளுக்கு எந்தக் கடையில் விற்கிறது என்றே தெரியாது. தம்பியைக் கூப்பிட்டு, "நல்லதா நாலு வார்த்தை சொல்லு லா தம்பி. பீக்கன்தான் காப்பாத்துச்சுன்னு சொல்லு. நம்ம கம்பெனி பேரையும் சேத்துக்க" என்றார். நான் அவனிடம் எதையும் சொல்லியிருக்கமாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

தம்பி முடியாது என்பான் என்று நான் நினைத்தேன். "போறேன்க்கா. தமிழ்ல பேசுறேன். நீ இங்கிலீஷ்ல சொல்லு" என்றான்.

அந்த மண்டபத்துக் குளிரில் பல் கிடுகிடுத்தது. கழுத்தில் பட்டையும் அட்டையும் தொங்கவிட்டுக்கொண்டு எல்லாரும் எல்லாருக்கும் நன்றி சொன்னார்கள். ஒரு வாக்கியத்தில் "கட்டாயம்" என்று போடுவதா "விரும்பத்தக்கது" என்று போடுவதா என்று அரை காலை ஓடியது. புதிதாக வரும் செயற்கைக்கோள் கம்பெனியை யார் மேற்பார்வை பார்ப்பது, அந்தச் செலவை எந்த நாடு ஏற்பது என்று மீதிக் காலை ஓடியது. நடுக்கடலுக்கு மேல் பறக்கும் விமானத்தின் குரல்கூட எங்களுக்குக் கேட்கும் என்று விமானத்துறைக்காரர் ஒருவர் மார்தட்டினார். இடையில் தேநீரும் கேக்கும். பாஸ் தட்டில் கேக்கை அடுக்கிக்கொண்டு ஒவ்வொருவர் கையாகக் குலுக்கினார். அந்தக் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் தம்பியின் முறை. அதற்கு முன்னால் ஒருவர் எழுந்து, திரையில் அன்றைய நிகழ்ச்சியை வரிசையாகப் போட்டுக் காட்டினார். படகுக்கும் ஆளுக்கும் பெயர் இல்லை. கடலில் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். பீக்கன் சேதி வந்தது, பச்சை டிக். பதிவிலுள்ள எண்ணுடன் தொடர்பு ஏற்பட்டது, பச்சை டிக். இடம் உறுதியானது, பச்சை டிக். மீட்பு, பச்சை டிக். விதிப்படி அமைப்பு முழுமையாக இயங்கியது என்று முடித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். தொடர்பு ஏற்பட்டதாம்! எவனோடு ஏற்பட்டது, அவன் என்ன சொன்னான் என்று ஒரு வாய் கேட்கக் கூடாதா?

தம்பி மேடையேறினான். நான் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இஸ்திரி போட்ட சட்டை அவனுக்குக் கழுத்தை இறுக்கியது. திரையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தான்.

"எல்லாருக்கும் வணக்கம். தண்ணியில கிடந்தப்ப எங்க பாக்சிக் என்னைக் கேட்டுட்டே இருந்தாரு, அவங்களுக்குக் கேட்டுச்சான்னு. எங்க அக்கா போன் எடுத்துட்டான்னு நான் சொன்னேன். போன் எடுத்தது எங்க அக்கா இல்ல. முன்வரிசையில கோட்டு போட்டு உக்காந்திருக்காரே, அவரு. டெஸ்டிங்னு சொல்லிட்டுச் சாப்பிட உக்காந்துட்டாரு. நாங்க தண்ணியில கிடந்தோம். பாக்சிக் கைய விட்டுட்டாரு. அதோ, ரெண்டாவதாப் பச்சை டிக் போட்டிருக்கீங்கள்ல, அதை மட்டும் எடுத்துருங்க. வேற ஒண்ணும் வேணாம்."

மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். கதவோரம் தண்ணீர் ஜாடியோடு நின்ற சிப்பந்திப் பெண்ணுக்குப் புரிந்தது, கையை வாயில் வைத்துக்கொண்டாள். பாஸுக்குப் புரிந்தது. மற்றவர்கள் என் மொழிபெயர்ப்புக்காகப் புன்னகையோடு காத்திருந்தார்கள், ஏதோ நன்றியுரை என்று நினைத்து. பாஸ் முதலில் என்னைப் பார்த்து முறைத்தார். பிறகு வேண்டாம் என்று தலையாட்டினார். கடைசியில், யாரும் பார்க்காதபடி மடியில் கையைக் கூப்பிக் கும்பிட்டார். அடக் கருமமே! அந்தக் கும்பிடு எனக்கு அவருடைய டெஸ்டிங்கைவிட அசிங்கமாக இருந்தது.

நான் ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். கோட்டு, சாப்பாடு, பாக்சிக்கின் கை, பச்சை டிக், எல்லாம்.

புன்னகைகள் அணைந்தன. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. தலைமை தாங்கிய வெள்ளைக்கார முதியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மனதைத் தொடும் அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி என்றார். கரையில் தொலைபேசியை யார் எடுப்பது என்பது அந்தந்த நாட்டின் விஷயம், இந்தச் சபையின் அதிகாரத்துக்குள் வராது, ஆனாலும் மிகவும் வருந்துகிறோம் என்றார். பாஸ் பக்கம் அவர் திரும்பவே இல்லை. வேறு ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. நேரமாகிவிட்டது என்று யாரோ சைகை காட்ட, திரை மாறியது. டிக்கை எடுத்துவிட்டார்கள், மொத்தமாகவே எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் தட்டும் முள்கரண்டியும் வரைந்து, மதிய உணவு பக்கத்து மண்டபத்தில் என்று வந்தது.

எல்லாரும் எழுந்தார்கள். பேச்சு மெதுவாகத் தொடங்கிப் பெரிதாகி, பிறகு தட்டுச் சத்தத்தில் கலந்தது. கதவு வழியாகப் பார்த்தேன். பாஸ் வரிசையில் நின்றுகொண்டிருந்தார், கையில் தட்டு. அவருக்கு முன்னால் நின்ற வெளிநாட்டுக்காரரிடம் மீன் குழம்பைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

தம்பி இன்னும் மேடையிலேயே நின்றான். இங்கிலீஷ் அவனுக்கு அவ்வளவாக வராது. அந்த முதியவர் பேசியதில் நன்றி என்பது மட்டும்தான் புரிந்திருக்கும். காலியான நாற்காலிகளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"அவங்களுக்குக் கேட்டுச்சாக்கா?"

நான் மைக்கைக் கீழே வைத்தேன்.

"கேட்டுருச்சுடா" என்றேன்.

அவன் கழுத்துப் பட்டனை அவிழ்த்துவிட்டுக்கொண்டான்.

"நானும் பாக்சிக்கிட்ட இப்படித்தான்க்கா சொன்னேன்" என்றான்.